ஆடி 18 அன்று ஆற்றுத்துறையில் காவல் நிற்பது எப்படி? தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடிப்பெருக்குக்கு ஊரே ஆற்றில் இறங்கும். அன்று துறையில் காவல் நிற்க வருகிற பையன்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்ண்ணா." நீச்சல் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் காவல்காரர் தண்ணீரில் குதிக்க வேண்டிய நிலை வந்துவிட்டால், அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். எங்கள் துறையில் சில ஆண்டுகளாக நின்றதிலும், புதிதாக வந்தவர்கள் தடுமாறியதைப் பார்த்ததிலும் தெரிந்துகொண்டதை வரிசைப்படி எழுதுகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழி செய்வது.

ஒகேனக்கல்லுக்கு இது பொருந்தாது. அங்கே பாறை இடுக்கும் பாசியும் சுழலும் வேறு வகை. எங்கே குளிக்கலாம், எப்போது தடை என்பதை மாவட்ட நிர்வாகம் முடிவு செய்கிறது, காவலுக்குப் போலீசும் தீயணைப்புத் துறையும் நிற்கின்றன. இந்த வழிகாட்டி இருமத்தூர், அம்மாபேட்டை போல மணலும் படிக்கட்டும் உள்ள தென்பெண்ணைத் துறைகளுக்கானது.

1. ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டியவர்கள்

ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், பக்கத்துக் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் ஆகிய நான்கு இடங்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது.

தீயணைப்பு நிலையத்தில் இன்னொன்றும் கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன் அவர்கள் ஊர் ஊராக மீட்பு ஒத்திகை காட்டுவது வழக்கம். அதில் ஒன்றை உங்கள் துறையிலேயே வைக்கச் சொல்லுங்கள். துறைக்கு வரும் வழியையும் வண்டி திரும்பும் இடத்தையும் அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், அவசரத்தில் வழி கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

கோயில் தர்மகர்த்தாவிடமும் பூசாரியிடமும் தனியாகப் பேசுங்கள். சாமி சிலையையும் வாள், சூலத்தையும் நீராட்ட எடுத்து வரும்போதுதான் கூட்டம் மொத்தமும் ஒரே இடத்தில் நெருக்கும். சாமி எத்தனை மணிக்கு இறங்கும், எந்தப் படியில் இறங்கும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

2. ஆள் சேர்ப்பது

குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். ஒருவர் ஒரே இடத்தைத் தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் கவனமாகப் பார்க்க முடியாது. கண் திறந்திருக்கும், மனம் வேறெங்கோ போய்விடும். பாதிப் பேர் நிற்க, பாதிப் பேர் நிழலில் உட்கார்ந்து மாறி மாறி வந்தால்தான் காவல் காவலாக இருக்கும்.

பதினெட்டு வயது நிறைந்தவர்களை மட்டும் எடுங்கள். அன்று முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சொல்பவராக இருக்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம், மாமன் மகனாக இருந்தாலும் சரி.

எட்டில் மூன்று பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இதைப் பல ஊர்களில் யோசிப்பதே இல்லை. ஆடி 18 அன்று தண்ணீரில் அதிகம் இருப்பது பெண்களும் குழந்தைகளும்தான். பெண்கள் குளிக்கும் பக்கம் பையன்கள் வெறித்துப் பார்த்து நிற்கவும் முடியாது, பார்க்காமல் காவல் காக்கவும் முடியாது. கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் கேட்பாரற்றுப் போகும். மகளிர் குழுவில் இருக்கும் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கண்ணும் விசிலும் போதும்.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் எல்லோரும் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில்தான் பழகினோம். கிணற்றுத் தண்ணீர் நிற்கும். குதித்த இடத்திலேயே எழலாம், கையை நீட்டினால் சுவர் இருக்கும். ஆற்றில் அந்தச் சுவர் இல்லை. ஓட்டம் இரண்டு மடங்கானால் அது உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு தண்ணீரே வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும்.

3. முன்னதாக வாங்கி வைக்க வேண்டியவை

மூங்கில் கழி நான்கு. ஒவ்வொன்றும் பன்னிரண்டு, பதினைந்து அடி நீளம். நுனியில் பழைய சேலைத் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டுங்கள். ஈரக் கைக்கு வழுக்காது, முகத்தில் பட்டாலும் கிழிக்காது.

மிதக்கும் கயிறு, இருபது மீட்டரில் மூன்று. கடையில் கயிறு வாங்கும்போது ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நைலான் கயிறு முழுகிவிடும், நார்க்கயிறு நனைந்து கனத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். முழுகுகிற கயிறு தத்தளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, காலில் வேறு சுற்றிக்கொள்ளும்.

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் மூன்று. உள்ளே கால் லிட்டர் அளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிற்றைக் கட்டுங்கள். காலி கேனை வீசினால் காற்று தூக்கிக்கொண்டு போகும். அந்தக் கால் லிட்டர் கனம் இருந்தால் குறி பார்த்த இடத்தில் விழும், பிடிப்பவரை மிதக்கவும் வைக்கும்.

காற்றடித்த லாரி டியூப் இரண்டு, லைஃப் ஜாக்கெட் குறைந்தது இரண்டு, ஆளுக்கு ஒரு விசில், ஒரு மெகாபோன், சிவப்புத் துணி, மஞ்சள் துணி. அவ்வளவுதான்.

கயிற்றைச் சுருட்டி வைப்பதுதான் புதியவர்கள் தவறும் இடம். முதல் ஆண்டு எங்கள் கயிறு முழங்கையில் சுற்றிய சுருளாக வண்டிப் பெட்டிக்குள் கிடந்தது. ஒத்திகையில் எடுத்து வீசியபோது பாதி தூரத்தில் முடிச்சாகி நின்றுவிட்டது. இப்போது கயிற்றைச் சுருட்டுவதே இல்லை. சிமெண்ட் சாக்கு ஒன்றை நன்றாகக் கழுவி, அதற்குள் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து வைக்கிறோம். கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வரும், சிக்காது.

4. முந்தைய நாள் துறையைத் தடவிப் பார்ப்பது

போன ஆண்டு இடுப்பளவு இருந்த இடம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். வெள்ளம் ஒவ்வொரு முறையும் மணலைப் புரட்டிப் போடுகிறது. மணல் அள்ளிய குழிகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். முழங்கால் தண்ணீரிலிருந்து ஒரே எட்டில் தலைக்கு மேல் போய்விடும்.

தண்ணீர் மெதுவாக ஓடும் நேரத்தில் லைஃப் ஜாக்கெட் போட்ட ஒருவர் கழியை முன்னால் ஊன்றி ஊன்றி நடக்க வேண்டும். இரண்டடிக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள். கழி திடீரென்று உள்ளே போனால் அங்கேயே நின்று குரல் கொடுங்கள், கரையில் இருப்பவர் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

இதைச் செய்யும்போது கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்து எல்லோரும் செய்யும் தவறு இது. கால் வழுக்கினால் ஓட்டம் உங்களைத் தள்ளும், கயிறு பின்னால் இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் உடம்பு தண்ணீருக்கு அடியில் அழுந்தும். கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், விட வேண்டிய நேரத்தில் விட முடிய வேண்டும்.

தடுப்பணைக்குக் கீழே துறை வைக்கவே வேண்டாம். அணையைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு மேலே வந்து மறுபடி அணைப் பக்கமே திரும்பும். அதில் சிக்கியவரை அது வெளியே விடாது. பார்க்க நுரைத்துக்கொண்டு அழகாக இருக்கும், அதனாலேயே பையன்கள் அங்கே போவார்கள். பாலத் தூண் அருகிலும் வேண்டாம். தூணைச் சுற்றி ஓட்டம் மணலை அரித்துப் பள்ளம் பண்ணியிருக்கும்.

5. எல்லை போடுவது

கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை ஊன்றி, அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கச் சொல்வது உலக வழக்கம். தனிச் சிவப்பு என்றால் இறங்காதே. அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டோம். மேல் பக்கம் ஒன்று, கீழ்ப் பக்கம் ஒன்று என்று சிவப்பு-மஞ்சள் கொடிகள். உள் எல்லைக்குத் தண்ணீருக்குள்ளேயே மூங்கில் ஊன்றி மஞ்சள் துணி. பெரியவர்களுக்கு இடுப்பளவு வரை. குழந்தைகளுக்கு அவர்கள் முழங்கால் அளவு வரை.

ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பார்கள். தலையில் எருக்க இலையும் அருகம்புல்லும் காசும் வைத்து மூன்று முழுக்குப் போட இடுப்பளவு தாராளம். அதற்கு மேல் போவது விளையாட்டுக்குத்தான்.

தண்ணீர் அமைதியாகத் தெரியும் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலில் இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல் சாந்தமாக இருக்கும் பகுதிதான் ஆளை உள்ளே இழுத்துப் போகும் நீரோட்டம். வெளியூர்க்காரர்கள் அந்த இடத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். நம் ஊர் வேன்கள் மெரினாவுக்கும் பாண்டிச்சேரிக்கும் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். ஆற்றிலும் கதை கிட்டத்தட்ட அதேதான். சலசலக்கும் இடம் பெரும்பாலும் ஆழம் குறைவு. சத்தமில்லாமல் கருத்து வழவழவென்று இருக்கும் தண்ணீருக்கு அடியில் மடு இருக்கும். சிவப்புக் கொடி அங்கேதான் நட வேண்டும்.

6. காலையில் தண்ணீர் நிலவரம் கேட்பது

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை தாண்டி நம்மிடம் வருகிறது. பெங்களூருப் பக்கம் ராத்திரி பெய்த மழைக்கு இங்கே தண்ணீர் ஏறும். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடக்கும். அதனால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை ஐந்து மணிக்கே கிராம நிர்வாக அலுவலரிடமோ 1077 என்ற மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையிலோ அணையிலிருந்து எவ்வளவு கன அடி திறக்கிறார்கள், கூட்டப் போகிறார்களா என்று கேளுங்கள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தால் அன்று துறை கிடையாது. சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு போகட்டும்.

கரையோரம் ஒரு குச்சியை ஊன்றி, கத்தியால் நான்கு விரல் இடைவெளியில் கோடு கீறி வையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கால் மணிக்குள் ஒரு கோடு ஏறினால் எல்லோரையும் மேலே ஏற்றிவிடுவது எங்கள் விதி. குச்சிக்கு முன்பே தண்ணீரும் சொல்லும்: தெளிவு போய்க் கலங்கலாகும், சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரும், சத்தம் கனக்கும்.

7. யார் எங்கே நிற்பது

மேல் கொடி அருகே ஒருவர், குழந்தைகள் பக்கம் ஒருவர், நடுவில் கழியோடு ஒருவர். நான்காமவரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தவறுவார்கள். அவர் கூட்டத்தைவிட்டு விலகி, கீழ்க் கொடியிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, கயிற்றுச் சாக்கும் டியூபும் வைத்துக்கொண்டு தனியாக நிற்க வேண்டும். ஓட்டம் பிடித்துப் போனவரை மேலே நிற்பவர் துரத்திப் பிடிக்க முடியாது. கீழே காத்திருப்பவர் பிடிக்கலாம். அங்கே வேடிக்கை பார்க்க ஒன்றும் இருக்காது, சலிப்பாக இருக்கும். பொறுமையானவரை அங்கே போடுங்கள்.

செல்போன் ஓய்வில் இருப்பவரிடம் மட்டும் இருக்கட்டும். நிற்பவர் தன் பகுதியைப் பத்து வினாடிக்குள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்து முடிக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து. தலைகளை எண்ணிக்கொண்டே பார்த்தால் கண் தூங்காது.

விசிலுக்கு மூன்றே அர்த்தம் வையுங்கள். ஒரு சின்ன ஊதல் என்றால் குளிப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு என்றால் காவலர்கள் ஓடி வர வேண்டும். நீளமாக ஒன்று என்றால் எல்லோரும் கரை ஏற வேண்டும். காலையில் மெகாபோனில் இதைப் பலமுறை சொல்லிவிடுங்கள்.

8. மூழ்குபவர் எப்படி இருப்பார்

சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்துவார் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு விடவே முடியாதவர் எப்படிக் கத்துவார்?

இரண்டாம் ஆண்டு நான் நடுவில் நின்றேன். ஒன்பது பத்து வயதுப் பையன், அவன் அம்மாவுக்கு மூன்றடி தள்ளி இருந்தான். அவர் மாங்கல்யக் கயிறு மாற்றி முடித்துத் தலையை முழுகிக்கொண்டிருந்தார். பையன் நேராக நின்றமாதிரிதான் தெரிந்தது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில் மேலே வருவதும் போவதுமாக இருந்தது, இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தன. குதித்து விளையாடுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். குழந்தைகள் பக்கம் நின்ற அக்கா இரண்டு முறை ஊதிவிட்டு, "அவன் கண்ணப் பாருங்க தம்பி!" என்று கத்தினார். கண் எங்கேயும் நிலைக்காமல் கண்ணாடி மாதிரி இருந்தது. கழியை நீட்டி இழுத்தோம். மணல் சரிவில் கால் இறங்கி, விரல் நுனி மட்டும் தரையில் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவுக்கு அவன் கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சத்தம் போட்டு விளையாடும் குழந்தை திடீரென்று அமைதியானால் பாருங்கள். நேராக நின்று, கால் உதைக்காமல், கரையைப் பார்க்காமல் இருப்பவரைப் பாருங்கள். "என்ன கண்ணு, சரியா இருக்கியா?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் போக வேண்டியதுதான். உங்களுக்கு ஒரு நிமிடம்கூட இருக்காது.

9. காப்பாற்றும் வரிசை

முதலில் கழியை நீட்டுங்கள். நீட்டுபவர் படுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இன்னொருவர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றபடி நீட்டினால் பிடித்தவர் உங்களையும் இழுத்துவிடுவார்.

எட்டவில்லை என்றால் கேனை வீசுங்கள். முதலில் அவர் பெயரையோ "கயிறு, கயிறு" என்றோ கத்தி அவர் பார்த்ததும் வீசுங்கள். தலைக்கு அப்பால் போய், கயிறு அவர் தோள்மீது விழ வேண்டும். பிடித்ததும் அவசரமாக இழுக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்து காலை ஊன்றிப் பிடித்திருந்தாலே போதும், ஓட்டமே அவரை வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கயிறு கட்டி வைக்கும் ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து. அதில் மாட்டியவர் நடுவில் வளைந்து நின்றுவிடுவார், தண்ணீர் அவர்மீது ஏறும்.

இரண்டும் முடியாதபோதுதான் இறங்குவது. அதுவும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, டியூபை முன்னால் தள்ளிக்கொண்டு. டியூபை அவரிடம் கொடுங்கள், உங்கள் கழுத்தைக் கொடுக்காதீர்கள். வெறுங்கையோடு குதித்தவரை முழுகுபவர் ஏணி மாதிரி மிதித்து ஏறப் பார்ப்பார். தம்பியைக் காப்பாற்றக் குதித்த அண்ணன், அண்ணனைக் காப்பாற்றக் குதித்த அப்பா என்று ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் போவது இதனால்தான்.

நீங்களே அடித்துப் போகப்பட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் சிக்கும். மல்லாந்து, காலைக் கீழ் ஓட்டப் பக்கம் நீட்டி, கையால் துழாவி மெல்லக் கரைக்கு ஒதுங்குங்கள்.

10. கரைக்கு வந்ததும்

தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் யாரும் செய்யவிடாதீர்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். வயிற்றை அமுக்கினால் சாப்பிட்டது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும், நேரமும் போகும்.

தட்டிக் கூப்பிடுங்கள். அசைவும் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108-க்கு அழைக்க, இன்னொருவர் உடனே தொடங்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஐந்து முறை ஊதுங்கள். முழுகியவருக்குக் கிடைக்காமல் போனது காற்றுதான், அதனால் காற்றிலிருந்துதான் தொடக்கம். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், மறுபடி 30. பெரியவர்களுக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பி வழித்துவிட்டுத் தொடருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. நான்கைந்து நிமிடம் காற்று இல்லாவிட்டாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் உங்கள் கையில்தான்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்பவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

11. ஆள் தெரியவில்லை என்றால்

கடைசியாகப் பார்த்தவர் அந்த இடத்தைவிட்டு நகரவே கூடாது. முழுகிய இடத்தை நோக்கி விரலை நீட்டியபடி நிற்கட்டும். நகர்ந்துவிட்டால் ஆறு முழுக்க ஒரே மாதிரி தெரியும், தேடுபவர்களுக்கு இடம் தப்பிவிடும். நீண்ட விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏற்றுங்கள். 101-க்கு அதே நொடியில் அழையுங்கள். "முதலில் நாமே தேடிப் பார்க்கலாம்" என்று கால் மணி நேரம் கடத்துவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. கரையில் எங்காவது கடைப் பக்கம் போயிருக்கிறானா என்று ஒருவர் மெகாபோனில் விசாரிக்கட்டும், ஆனால் அழைப்பு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வந்துவிட்டான் என்றால் மறுபடி சொல்லிக்கொள்ளலாம்.

குழந்தைகள் வந்தவுடனே அவர்கள் முன்கையில் பெற்றோர் செல் எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிட்டால் இந்த விசாரிப்பு பாதி குறையும்.

12. சாப்பாட்டுக்குப் பின்

காலை கூட்டத்தைவிட மதியம் இரண்டு மணிக்குப் பிறகான சின்னக் கூட்டம்தான் எனக்குப் பயம். குடும்பங்கள் கிளம்பிவிடும். கிடா வெட்டிச் சாப்பிட்டுக் குடித்த பையன்கள் நான்கைந்து பேராக மறுபடி வருவார்கள். அப்போது காவல்காரர்களும் களைத்திருப்பார்கள். கொடியைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடப் போவது இந்த நேரத்தில்தான் நடக்கிறது.

குடித்தவர்களிடம் நியாயம் பேச வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். அவர்களில் குடிக்காத ஒருவர் இருப்பார், அவரிடம் மட்டும் பேசுங்கள். "மாப்ள, நீ பாத்துக்க, கூட்டிட்டுப் போ" என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார். கேட்கவில்லை என்றால் போலீஸை அழைக்கத் தயங்க வேண்டாம். ஒரு மாதம் முன்பே எழுத்தில் கொடுத்திருப்பது இதற்கும்தான்.

இருட்டும்வரை கீழ்க்காவல் இருக்கட்டும். கடைசிக் குடும்பம் ஏறிய பிறகு தண்ணீருக்குள் ஊன்றிய மூங்கிலை எல்லாம் எண்ணிப் பிடுங்குங்கள். ஒன்று விட்டாலும் அடுத்த வெள்ளத்தில் யார் காலிலாவது குத்தும். சிவப்புக் கொடியை மட்டும் மடுவில் விட்டு வையுங்கள், மறுநாளும் பிள்ளைகள் வருவார்கள். கயிற்றை வீட்டு நிழலில் காயப்போட்டு, காய்ந்ததும் மறுபடி சாக்குக்குள் திணித்து, பார்த்து வைத்த பள்ளங்கள் எழுதிய நோட்டையும் அதிலேயே போட்டுக் கட்டி வையுங்கள்.